ஓடப் பாட்டில் இரண்டு இருமல்

லிஃப்டுக்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பது வருஷத்தைக் கிணறு மாதிரி ஒரு பொந்துக்குள் கழித்தவர். நாமெல்லாம் பெட்டிக்குள் நின்று பொத்தானை அமுக்கிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் அந்தக் கூரைக்கு மேலே நிற்பவர். நெற்றியில் கட்டிய விளக்கு, ஒரு கையில் கிரீஸ் டப்பா, ஒரு கையில் கந்தல் துணி. பெட்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டே கம்பி வடத்தைத் துணியால் சுற்றிப் பிடிப்பார். துணி எங்கேயாவது மாட்டினால் அங்கே இழை விட்டிருக்கிறது என்று அர்த்தம். மாட்டாவிட்டால் பாடுவார்.

சும்மா முணுமுணுப்பு இல்லை, வாய்விட்டுப் பாட்டு. அந்தக் குழிக்குள் கழுதை கத்தினாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம். ஆறு மாடிக் கட்டடம் என்றால் ஆறு மாடிக்கும் கேட்கும். லிஃப்ட் ஓடவில்லை என்று எரிச்சலோடு கதவைத் தட்ட வந்தவர்கள், உள்ளேயிருந்து பாட்டு வருவதைக் கேட்டுத் திட்டுவதை மறந்துவிட்டுப் படியில் இறங்கிப் போவதும் உண்டு.

அவருக்குத் தெரிந்தது மொத்தம் பதினேழு பாட்டு. பதினாறு பாட்டுகளைப் பள்ளிக்கூட ரேடியோவில் கற்றுக்கொண்டார். பதினேழாவது அம்மா பாட்டு. இந்தக் கணக்கை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ரேடியோப் பாட்டு வந்த விதம் இப்படி. மூன்றாம் வகுப்பு, புதன்கிழமை, பதினொன்றரை மணி. தலைமை ஆசிரியர் அறையில் பூட்டி வைத்திருந்த ரேடியோவை இரண்டு பையன்கள் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து டீச்சர் மேஜைமேல் வைப்பார்கள். பிள்ளைகளின் காதைத் திருகித் திருகிக் கை பழகிய டீச்சர், ரேடியோவின் காதையும் அதே வேகத்தில் திருகுவார். கொஞ்ச நேரம் கரகரக்கும். அப்புறம், "வணக்கம் குழந்தைகளா!" என்று ஓர் அக்காவின் குரல். ஊர் ஊராகத் தேடி எடுத்த நாட்டுப்பாட்டு ஒன்றை வாரத்துக்கு ஒன்றாக அந்த அக்கா சொல்லிக்கொடுப்பாள். ஓர் அடி பாடுவாள். பிறகு பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாத நேரம் பிள்ளைகளுடையது. நாற்பத்தொரு பேரும் அதே அடியைத் திருப்பிப் பாட வேண்டும். பாடி முடித்ததும், "ரொம்ப அழகா பாடினீங்க!" என்பாள்.

தாங்கள் பாடுவது அவளுக்குக் கேட்கிறது என்று வகுப்பு மொத்தமும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? ஒரு நாள் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி ரேடியோவுக்குப் பக்கத்தில் போய், "அக்கா, இவன் பாடவே இல்லக்கா, வாயை மட்டும் அசைக்கிறான்" என்று கோள் சொன்னாள். ரேடியோ, "பரவாயில்லை, அடுத்த அடியைப் பார்க்கலாமா?" என்றது. அன்றிலிருந்து புதன்கிழமை பதினொன்றரைக்கு மூக்கு நோண்டக்கூடப் பயந்தார்கள். டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "ரேடியோல எப்படி வருதோ அப்படியே வரணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அம்மா பாட்டு வேறு. அது அவர் மனசில் தனி அறையில் இருந்தது.

அம்மா பஞ்சாலையில் வேலை செய்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இவருக்கு எட்டு வயது நடக்கும்போது படுத்தாள், எழவில்லை. இருக்கிற ஒரே போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். படம் பிடிக்கும்போது சிமிட்டிவிட்டாள் போல. அவள் முகம் என்று இவருக்கு நினைவில் நிற்பது அந்த மூடிய கண்தான். ஆனால் குரல் இருந்தது. கட்டில் பக்கத்தில் இவர், தலையணையில் சாய்ந்து அவள். அவள் ஓர் அடி, இவர் ஓர் அடி. மூன்றாவது அடியின் நடுவில் பாவம், அவளுக்கு இரண்டு இருமல் வரும். அதையும் சேர்த்தே இவர் கற்றுக்கொண்டார்.

"ஓடக்கார அண்ணே, ஓரமா நிறுத்தண்ணே,
கூடை நெறைய வெள்ளரிக்கா கொண்டாந்தேன், ஏத்தண்ணே.
தண்ணி ரொம்ப ஆழமுன்னு... (க்கும், க்கும்) ...தள்ளிவிட்டுப் போகாதே,
கண்ணுமணி காத்திருக்கான், கரையேத்தி விட்டிடண்ணே."

கல்யாணமான புதிதில் மனைவிக்கு இதைத்தான் பாடிக் காட்டினார். மகள் பிறந்தபோது தூளியை ஆட்டிக்கொண்டு பாடினார். மகள் வளர்ந்து அதைப் பாடும்போது இருமலை விட்டுவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "பாட்டி இருமினதும் பாட்டுல சேர்த்திதான்" என்பது அவர் கட்சி. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வர்றவங்க எல்லாரும் பிள்ளைக்குக் கக்குவானான்னு கேட்டு மருந்து சொல்லிட்டுப் போறாங்க."

இந்தப் பாட்டைக் கேட்டு உருகாதவர் கிடையாது. கூடப் பிறந்த அக்கா ஒருத்திதான், பாட்டு ஆரம்பித்ததும் ஏதோ அடுப்பில் வைத்ததைப் போல எழுந்து உள்ளே போய்விடுவாள். இவரைவிட எட்டு வயது மூத்தவள், அம்மாவை அதிக நாள் பார்த்தவள், தாங்க முடியாமல் போகிறாள் என்று லிஃப்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வேலை ஓர் ஆறு மாடிக் குடியிருப்பில். அந்தக் கட்டடம் அவருக்குப் புதுசு. பழைய நிறுவனம் கைவிட்டதால் இவர் கைக்கு வந்தது. நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் பெட்டியை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தின் பழைய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பதினாறு ரேடியோப் பாட்டில் நாலைந்து முடிந்து, அம்மா பாட்டுக்கு வந்தார். ஓடக்கார அண்ணன் ஓரமாக நிறுத்தினான். வெள்ளரிக்காய்க் கூடை ஏறியது. "தண்ணி ரொம்ப ஆழமுன்னு" என்று இழுத்தார்.

"க்கும், க்கும்."

இவர் இருமவில்லை. மேலே, ஐந்தாவது மாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

யாருக்கோ தொண்டைக் கட்டு என்று சமாதானம் செய்துகொண்டார். முதலிலிருந்து பாடினார். மூன்றாவது அடிக்கு வந்து, வேண்டுமென்றே இருமாமல் நின்றார்.

"க்கும், க்கும்."

அதே இடம், அதே இரண்டு. இரண்டாவது இருமல் முதலாவதைவிடக் கொஞ்சம் சின்னது. அதுகூடச் சரியாக இருந்தது.  இந்த இருமலை இதே மாதிரி இருமத் தெரிந்தவர்கள் அவரைத் தவிர உலகத்தில் மூன்று பேர்: மனைவி, மகள், அக்கா. நான்காவது ஆள் செத்து நாற்பத்தாறு வருஷம். கையிலிருந்த சுரண்டி நழுவி, பெட்டிக் கூரையில் விழுந்து, அங்கிருந்து அடிக்குழி வரைக்கும் டங் டங் என்று போயிற்று.

பூட்டுக் கொக்கியைக் கையால் விடுவித்து ஐந்தாவது மாடிக் கதவை உள்ளேயிருந்து இழுத்தார். அவர் தலை தரை மட்டத்தில் இருந்ததால் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதற்கு மேலே ஒரு கைத்தடி. அதற்கும் மேலே, எழுபது தாண்டிய ஓர் அம்மாள், காலிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு இவரைக் குனிந்து பார்த்தார்.

"யாருப்பா அது, என் இருமலை இருமுறது?" என்றார்.

லிஃப்டுக்காரர் ஏறி வெளியே வந்தார். அந்த அம்மாள் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு, கிரீஸ் படாமல் இருக்க நாற்காலியில் செய்தித்தாளை விரித்து, உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

"மேடம், அது எங்க அம்மா பாட்டு. நீங்க எப்படி..."

"இருங்க தம்பி." அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார். குரல் நைந்து போயிருந்தது. ஆனாலும் ஒரே ஒரு வாக்கியத்தை அந்தக் காலத்து ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். "வணக்கம் குழந்தைகளா!"

ஐம்பத்து நான்கு வயதுக்காரர் அனிச்சையாகக் கை கட்டி, செய்தித்தாள்மேல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ரேடியோ அக்கா!" என்றார். 

அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காப்பியா, மோரா என்று கேட்டார். அந்தப் பாட்டை ரேடியோ நிலையத்தில் தரை துடைக்க வந்த ஒரு பெண்மணி, தன் ஊர் ஆற்றங்கரையில் பாடுவது என்று சொல்லிக்கொடுத்தாராம். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாதாம்.

"அப்போ பதிவு பண்றதெல்லாம் பெரியவங்க நிகழ்ச்சிக்குத்தான். பிள்ளைங்களுக்கு நேரா பாடுறது. அன்னைக்கு எனக்குச் சரியான சளி. மூணாவது அடியில வந்துடுச்சு. அடக்க முடியல. சரி, போகட்டும்னு நிறுத்தம் விட்டேன். நீங்கதான் அப்படியே பாடுவீங்களே! ஊர்ல இருக்கிற அத்தனை மூணாங்கிளாஸும் இருமியிருக்கு. சனிக்கிழமைக்குள்ள பன்னிரண்டு பள்ளிக்கூடத்திலேர்ந்து கடிதாசி. ஒரு தலைமை ஆசிரியர் எழுதியிருந்தார்: 'இது பாட்டா, வியாதியா?'"

அவர் கடகடவென்று சிரித்தார். லிஃப்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. 

"இல்ல மேடம். அந்த இருமல் எங்க அம்மாவோடது. அவங்களுக்கு நெஞ்சுல பஞ்சு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். என் பதினாறு ரேடியோப் பாட்டு வேற, இது வேற."

"தம்பி, அது என்னோட இருமல்."

"எங்க அம்மா இருமலை உங்களுதுன்னு எப்படி மேடம் சொல்றீங்க?" சத்தம் போட்டுவிட்டார். போட்டபிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒரு கிழவியோடு இருமலுக்குச் சண்டை பிடிக்கிறோமே என்று இருந்தது. ஆனால் பின்வாங்க முடியவில்லை. அதை விட்டுக்கொடுத்தால் அவரிடம் அம்மா என்று மிச்சம் இருப்பது மூடிய கண் போட்டோ ஒன்றுதான்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் பழுப்பேறிய தட்டச்சுத் தாள் ஒன்று. குழந்தைகள் நிகழ்ச்சியில் இருமியதற்கு விளக்கம் கேட்டு அதிகாரி கொடுத்த மெமோ. "முதல் மெமோ, தூக்கிப் போட மனசு வரல" என்றார். நிகழ்ச்சி நாள்: ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. அடுத்த புதன், பதினாறாம் தேதி, அதே பாட்டைத் திரும்பப் பாடி, இருமல் பாட்டில் இல்லை என்று திருத்தம் சொல்லவேண்டும் என்று கீழே ஒரு வரி.

"நானே என் வாயால சொன்னேன். 'குழந்தைகளே, போன வாரம் அக்காவுக்குச் சளி. இருமலை விட்டுட்டுப் பாடுங்க'ன்னு. அதோட எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருமல் நின்னுபோச்சு. நீங்க ஒருத்தர் மட்டும் எப்படித் தப்பினீங்க? அந்தப் புதன்கிழமை ஸ்கூலுக்குப் போகலையா?"

லிஃப்டுக்காரர் தாளில் இருந்த மாதத்தையும் வருஷத்தையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நெற்றி விளக்கு அந்த எண்களின்மேல் வட்டமாக விழுந்தது.

"போகல" என்றார். "பதினஞ்சாம் தேதி செவ்வாய்க்கிழமை எங்க அம்மா இறந்துட்டாங்க."

அந்த அம்மாளின் கை தானாக வாய்க்குப் போயிற்று.

லிஃப்டுக்காரர் அவர் துக்கம் கேட்டதைக்கூடக் காதில் வாங்கவில்லை. தலைக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் தேதிக்கு முன்னால் இந்தப் பாட்டே கிடையாது. பதினைந்தாம் தேதி அம்மா கிடையாது. நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளும், அதற்கு முன் ஒரு மாதமும், அம்மா வாய் திறக்கக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. பேசினால் நெஞ்சு தாங்காது என்று சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாரும் அவளோடு சைகையில் பேசியது இவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் அவள் பாடவில்லை. பாடியிருக்க முடியாது. ஏதோ ஒரு ரேடியோக் குரலை எடுத்து, செத்துப்போன அம்மாவின் வாயில் தானே பொருத்தி வைத்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் ஊருக்கும் காட்டி, நாற்பத்தாறு வருஷம் பெருமையடித்திருக்கிறார்.

அவர் எழுந்தார். கீழே போய் லிஃப்டை ஓட்டத்துக்கு விட்டார், அது கைப்பழக்கம். ஆனால் பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. முப்பது வருஷத்தில் அது முதல் தடவை. பஸ் ஏறினார். பஸ்ஸில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, கவலையும் இல்லை.

அக்கா கதவைத் திறந்ததும் கேட்டாள். "பட்டப்பகல்ல நெத்தியில என்னடா விளக்கு எரியுது?"

அக்கா அச்சகத்தில் நாற்பது வருஷம் பைண்டிங் வேலை பார்த்தவள். இப்போது வீட்டிலேயே கடைகளுக்கு நோட்டுத் தைத்துக் கொடுக்கிறாள். கூடத்தில் மடித்த தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. மெழுகு தடவிய நூல் ஊசியில் கோத்திருந்தது. லிஃப்டுக்காரர் விளக்கை அணைத்துவிட்டுத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"அக்கா, அம்மா பாடுவாங்களா?"

அக்கா ஊசியைக் கையில் எடுத்தாள். "எதுக்கு இப்போ?"

"பாடுவாங்களா, மாட்டாங்களா?"

"பாட மாட்டாங்க. ஆலைச் சத்தத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகினவங்க. பாட்டுன்னு ஒண்ணு நான் கேட்டதில்லை."

இவர் நடந்ததைச் சொன்னார். ஐந்தாவது மாடி, மெமோ, தேதி, எல்லாம்.  "எல்லாம் என் கற்பனையா? ஏன்க்கா ஒரு தடவைகூட நீ சொல்லல? நான் ஊரெல்லாம் பாடிக்கிட்டுத் திரிஞ்சேனே. பைத்தியக்காரன்னு விட்டுட்டியா?"

அக்கா இரண்டு தாள்களைச் சேர்த்துக் குத்தினாள். நூல் வெளியே வரவில்லை. மறுபடி குத்தினாள்.

"கற்பனை இல்லைடா. பாடினாங்க" என்றாள்.

"இப்போதானே பாட மாட்டாங்கன்னே!"

"பாட மாட்டாங்கதான். உனக்காகப் பாடினாங்க." அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "அந்தப் புதன்கிழமை ஸ்கூல்லேர்ந்து வந்தே. பையைக்கூடக் கழட்டல. கட்டில் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு மேல ஏறி நின்னே. 'நான்தான் ரேடியோ, நீதான் பள்ளிக்கூடம். நான் நிறுத்தினதும் நீ பாடணும்'னு சட்டம் போட்டே. ஒரு அடி பாடினே. நிறுத்தினே. அம்மா உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீ காத்துக்கிட்டே இருந்தே. அப்புறம் பாடினாங்க. குரலே இல்லை, வெறும் மூச்சு."

லிஃப்டுக்காரர் வாயைத் திறந்தார். நினைவில் தலையணையும் கட்டிலும் அப்படியே இருந்தன. ஆட்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். முதல் அடி அம்மாவுடையது இல்லை. அவருடையது.

"பேசவே கூடாதுன்னு டாக்டர்..."

"தண்ணி வேணும்னாக்கூட எங்களுக்கு உன் சிலேட்டுல எழுதிக் காட்டினவங்கதான். உனக்குப் பாடினாங்க. மூணாவது அடியில நீ சண்டை போட்டே. அங்க ரெண்டு தடவை இருமணும், ரேடியோல எப்படி வருதோ அப்படியே வரணும்னு காலை உதைச்சே. அவங்களுக்கு இருமலுக்கா பஞ்சம்? ஆனா அதுக்கப்புறம் வர்ற இருமலையெல்லாம் அடக்குவாங்க. முகம் செவந்துபோகும். போர்வையைக் கையில சுருட்டிக்கிட்டு, மூணாவது அடி வர்ற வரைக்கும் அடக்கி வச்சிருந்து, அங்க இருமுவாங்க. சரியா ரெண்டு. நீ உடனே கையைத் தட்டி, 'ரொம்ப அழகா பாடினீங்க குழந்தைகளா, இன்னொரு தடவை'ம்பே. அவங்களும் இன்னொரு தடவை பாடுவாங்க."

லிஃப்டுக்காரருக்கு உட்கார்ந்த இடம் கீழே இறங்குவது போல இருந்தது. வடம் அறுந்த பெட்டியில் நின்றால் எப்படி இருக்கும் என்று முப்பது வருஷமாகப் பயந்தவர், அது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தார்.

"எத்தனை நாள்?"

"வியாழன், வெள்ளி, சனி. ஞாயித்துக்கிழமை போர்வையை மாத்துறப்போ ரத்தம் பாத்தேன். எனக்கு அப்போ பதினாறு வயசு. அப்பா லாரியோட எங்கேயோ இருந்தார். எனக்கு ஒண்ணும் புரியல. உன்னை நாற்காலியிலேர்ந்து இழுத்து, முதுகுல ரெண்டு போட்டு, பக்கத்து வீட்டுல கொண்டுபோய் விட்டேன். கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும்னு பயந்துகிட்டே இருந்தேன். நீ மறந்துட்டே."

பக்கத்து வீட்டில் தூங்கியது அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் புதுப் போர்வை கொடுத்ததும் ஞாபகம் இருந்தது. ஏன் போனோம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"நான்தான் அவங்களை..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடு. நீ ஒண்ணும் செய்யல. டாக்டர் எப்பவோ கைவிட்டாச்சு. அதை அப்பாகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தார். எனக்கு அது அப்புறம்தான் தெரிஞ்சது." அக்கா புடைவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் செஞ்சதைத்தான் உன்கிட்ட சொல்ல முடியாம இருந்தேன். நீ பாட ஆரம்பிச்சா நான் எழுந்து உள்ளே போவேனே, எதுக்குன்னு நினைச்சே?"

லிஃப்டுக்காரர் மடித்த தாள் ஒன்றை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"உன்னை விட்டுட்டு நான் திரும்பி வந்தேன். அம்மா சிலேட்டுல எழுதிக் காட்டினாங்க. 'ரேடியோவை நிறுத்தாதே'ன்னு. நான் படிச்சிட்டு, ஈரத் துணியால அழிச்சிட்டு, படுங்கம்மான்னேன். மறுபடியும் எழுதினாங்க. திங்கக்கிழமை முழுக்க அதையேதான் எழுதினாங்க. அவங்க நல்லதுக்குத்தான் அழிக்கிறேன்னு நினைச்சு நானும் அழிச்சுக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீடு எவ்வளவு தூரம்? நாலு எட்டு. நான் போய்க் கூப்பிடல. செவ்வாய்க்கிழமை காலையில சிலேட்டு அவங்க கையிலயே இருந்துச்சு."

அக்கா அழவில்லை. ஊசியை எடுத்து, தையல் விட்ட இடத்தைத் தேடினாள். ஊசி தாளைக் கிழித்தது. லிஃப்டுக்காரர் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார். அவளைத் திட்ட வேண்டுமா, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதுக்காரி எதிரில் இருக்க, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி துணியும் கையுமாக நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

கிழிந்த தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தனை தடவைக்கா எழுதினாங்க?"

"எண்ணலடா" என்றாள் அக்கா. "அழிச்ச ஈரம் காயறதுக்குள்ள மறுபடியும் எழுதினாங்க."